பாட்டுக்கு உரியவர் யார்?

தோற்றுவாய்

கவி புனைவோர்க்கு எக்காலத்தும் இருவகைக் கவலை உண்டு. நல்ல பாட்டு வாய்க்குமோ என்பது ஒன்று. வாய்த்த பாட்டு எவர் கைப்படுமோ என்பது மற்றொன்று. முன்னதைப்பற்றி இலக்கண ஆசிரியரும் உரையாசிரியரும் வேண்டுமளவு பேசியுள்ளனர். பின்னதைப்பற்றிப் பேசுவார் அரியர்.

இவ்வாண்டு எம் விடுதியில் ஒருநாள் மாலை இவ்விரண்டாம் கவலையைக் குறித்து வழக்காட நேர்ந்தது. பாட்டு எழுதும் பழக்கமுடைய நண்பர் ஒருவர் கையில் ஒரு தாளோடு எம் அறைக்கு வந்தார். இசைத்தட்டு வெளியிடும் நிறுவனத்தார் சிலர் அவர்தம் பாட்டுக்களைப் பதிப்பித்து வெளியிட முன்வந்தனராம். அத்தாளில் ஒப்பமிட்டால் பாட்டுக்களின் உரிமை முழுவதும் என்றைக்கும் அந்நிறுவனத்தார்க்கே ஆகுமாம். "பெயர் பரவும், உரிமை போகும், என் செய்வது?" என்று அவர் வினவினார். ஒருவர் 'இடு' என்றார். மற்றொருவர் 'கிழித்தெறி' என்றார். யாம் ஒன்றும் கூறாதிருந்தோம். கூறத் தெரியாமையே காரணம்.

அன்றிரவு தொடங்கி யாம் தேடிப் படித்தவற்றுள், அவ்வினாவுக்குத் தம் வாழ்க்கையாலேயே விடை கூற முயன்ற ஒருவரின் வரலாறு எம் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தது. அவர் அமெரிக்க நாட்டுச் சிக்காகோ நகரத்தார். ராப் என்னும் பாட்டுமுறையில் வல்லவர். சான்ஸ் த ராப்பர் என்று உலகம் அறிந்தவர். இசைக் கம்பெனி எதனிடத்தும் தம் பாட்டை அடகு வையாமலே பெரும்புகழ் எய்தியவர். அவர் வந்த வழியையும், பாட்டு ஆக்கும் முறையையும், அவ்வழியில் அவர் பெற்றதையும் இழந்ததையும் ஈண்டு ஒருவாறு ஆராய்வோம்.

ராப் என்பது யாது?

'ராப்பும் ஒரு கவியோ?' என்று ஐயுறுவாரும் நம் கலாசாலையில் உளர். ஆதலின் முதற்கண் அதனைச் சிறிது விளக்குதல் வேண்டும்.

1973-ஆம் ஆண்டு ஆகஸ்டு 11-ஆம் நாள், நியூயார்க் நகரத்துப் பிராங்க்ஸ் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் பொதுக்கூடத்தில் நிகழ்ந்த விருந்தொன்றை இக்கலையின் பிறந்தநாளாகப் பலரும் கொள்வர். ஜமெய்க்காத் தீவிலிருந்து குடியேறிய கூல் ஹெர்க் என்னும் இளைஞர் அவ்விருந்துக்கு இசைத்தட்டுக்களைச் சுழற்றினார். ஒரு பாட்டில் தாளம் மட்டுமே ஒலிக்கும் சிறுபகுதியில்தான் மக்கள் மிக்க மகிழ்ச்சியோடு ஆடுகின்றனர் என்பதை அவர் கண்டிருந்தார். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு சுழலிகளில் வைத்து, ஒன்றில் அப்பகுதி முடியுமுன் மற்றொன்றில் அதனைத் தொடங்கி, அச்சிறுபகுதியை அவர் நீளச் செய்தார். அந்நீண்ட தாளத்தின்மேல் ஆட்டக்காரரை ஊக்கிச் சொல்லப்பட்ட சொற்களே நாளடைவில் அடி பெற்று, தொடை பெற்று, ராப் ஆயின.

தமிழ் யாப்புப் பயில்வோர்க்கு இதன் அமைப்பு எளிதில் விளங்கும். நான்கு எண்ணிக்கை கொண்ட தாள ஆவர்த்தம் ஒன்று அதற்கு ஓரடி. நம் செய்யுளில் எதுகையும் மோனையும் சிறப்பிடம் பெற, ராப்பில் அடியிறுதி ஒன்றிவரும் இயைபுத் தொடையே தலைமை பெறுகின்றது. வல்லவராயின் அடியின் நடுவிலும் இயைபைக் கோத்து, ஓரசைக்கு ஓரசையன்றி மூன்று நான்கு அசைகளுக்கும் ஒத்த ஓசை அமைப்பர். ஏட்டில் எழுதாது அவையிலே நின்று அப்பொழுதே பாடுதலும் உண்டு. நம்மவர் ஆசுகவி என்பது அதுவே. எனவே பொருளும் ஒழுக்கமும் பாடுவோரைப் பொறுத்து உயர்ந்தும் தாழ்ந்தும் வரினும், வடிவத்தால் அது கவியே என்பதில் எமக்கு ஐயம் இல்லை.

நூல்நிலையத்துப் பிள்ளை

சான்ஸலர் பென்னட் என்பது அவரது இயற்பெயர். 1993-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள் சிக்காகோவில் பிறந்து, அந்நகரின் தென்பகுதியில் வளர்ந்தார். அவர் தந்தையார் அரசியற் பணியாளர். சிக்காகோவின் முதற் கறுப்பின மேயராக 1983-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஹெரல்டு வாஷிங்டனிடத்திலும், பின்னர்ப் பராக் ஒபாமாவிடத்திலும் பணியாற்றியவர். பெற்றோர் மகனைக் கல்லூரிக்கு அனுப்பக் கருதினர். மகனோ பாட்டையே கருதினார். மைக்கேல் ஜாக்ஸனின் பாட்டுக்களைக் கேட்டு வளர்ந்த அப்பிள்ளையை, அதே நகரத்தவரான கேன்யே வெஸ்ட் 2004-இல் வெளியிட்ட முதல் இசைத்தொகுப்பு ராப்பின்பால் திருப்பிற்று.

இனி வருவதே எம் உள்ளத்தில் ஆழப் பதிந்த செய்தி. மேயர் வாஷிங்டன் 1987-இல் காலமான பின்னர், 1991-இல் அவர் பெயரால் சிக்காகோ நகரத்துத் தலைமைப் பொதுநூல்நிலையம் திறக்கப்பெற்றது. 2009-ஆம் ஆண்டில் அந்நூல்நிலையத்தார் உயர்நிலைப்பள்ளி மாணவர்க்கென 'யூமீடியா' என்னும் பகுதி ஒன்றை ஏற்படுத்தினர். ஆங்கே நூல்கள் மட்டுமல்ல, கணிப்பொறிகளும் இசைக்கருவிகளும் பாட்டுப் பதிவு செய்யும் சிறிய அறையும் மாணவர்க்குக் கட்டணமின்றித் திறந்து வைக்கப்பட்டன. மைக் ஹாக்கின்ஸ் என்னும் கவிஞர் ஆங்கே வழிகாட்டியாக இருந்தார். பிள்ளைகள் அவரைச் 'சகோதரர் மைக்' என்றே அழைத்தனர். பாட வரும் ஒவ்வொருவரையும் மேடையேற்றி, மற்றவர் அமைதியாகக் கேட்கச் செய்வது அவர் வழக்கம்.

தந்தை பணிசெய்த தலைவரின் பெயர் தாங்கிய மாளிகையிலேயே மைந்தர் தம் கலையைக் கண்டடைந்தார். பணம் கொடுத்துப் பதிவறை எடுக்க இயலாத வயதில், நகரத்தார் வரிப்பணத்தாலும் அறநிலையக் கொடையாலும் நடந்த ஓர் அறையில், ஓர் ஆசிரியர் அருகிருக்க, அவர் பாடிப் பழகினார். அதே வட்டாரத்துத் திறந்த மேடைகளில் பயின்ற நோநேம், சாபா, விக் மென்ஸா முதலியோரும் பின்னாளில் புகழ் எய்தினர். ஒருவர் தோன்றினால் தற்செயல் எனலாம். ஒரு குழாமே தோன்றுமாயின், அம்மண்ணுக்கு நீர் பாய்ச்சியவர் ஒருவர் இருத்தல் வேண்டும் அன்றோ?

பத்து நாள்

2011-ஆம் ஆண்டு, பள்ளியின் இறுதி வகுப்பிற் படிக்கையில், கஞ்சா வைத்திருந்த குற்றத்திற்காக அவர் பத்து நாள் பள்ளிக்கு வரலாகாது என விலக்கப்பட்டார். அக்குற்றத்தை யாம் மறைக்கவும் இல்லை, புகழவும் இல்லை. ஆயின் அத்தண்டனைக் காலத்தை அவர் கழித்த முறை கருதத்தக்கது. அந்நாட்களிலே பாட்டுக்கள் எழுதத் தொடங்கினார். அவற்றை மேலும் பெருக்கிச் செப்பஞ்செய்து, 2012-ஆம் ஆண்டு ஏப்ரலில் '10 டே' என்னும் பெயரால் இணையத்தில் வெளியிட்டார். எவரும் காசு கொடாது எடுத்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு.

இவ்வாறு விலையின்றி வெளிவரும் தொகுப்பை 'மிக்ஸ்டேப்' என்பர். ஒலிநாடாக்களில் பாட்டுக்களைப் பதிந்து கைக்குக் கை மாற்றிய காலத்துப் பெயர் அது. நாடா மறைந்த பின்னும் பெயர் நிலைத்தது.

அடுத்த தொகுப்பாகிய 'ஆசிட் ராப்' 2013-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் நாள் அவ்வாறே வெளிவந்தது. அதன் பெயரிலும் சில பாட்டுக்களிலும் போதைப்பொருளின் நிழல் படிந்திருத்தலை மறுத்தல் இயலாது. எனினும் அத்தொகுப்பின் உயிர்நிலை அதுவன்று. 2011-ஆம் ஆண்டு தம் நண்பர் ஒருவர் கண்ணெதிரே குத்துண்டு இறப்பதைக் கண்டவர் அவர். அத்துயரம் அத்தொகுப்பின் ஊடே ஓடுகின்றது. 'புஷா மேன்' என்னும் களிப்பான பாட்டு முடிந்து, சிறிது நேரம் ஓசையே இன்றி நின்று, பின்னர்ப் பெயர் குறிக்கப்படாத மற்றொரு பாட்டு மெல்ல எழுகின்றது. மற்ற ஊர்களின் சிறார் கோடை விடுமுறையை ஆவலோடு எதிர்நோக்க, துப்பாக்கிச் சாவுகள் மலிந்த தம் ஊர்ச் சிறார் அதனை அச்சத்தோடு எதிர்நோக்கும் நிலையை அப்பாட்டு உரைக்கின்றது. களிப்புக்கும் அச்சத்துக்கும் இடையே அவர் வைத்த அவ்வெற்றிடம், சொல்லாலன்றி மௌனத்தாலும் பொருள் உணர்த்தலாம் என்பதற்குத் தக்க சான்று.

ஒப்பந்தம்

இவ்வேளையில் பெரிய இசைக்கம்பெனிகள் பல அவரை நாடின. அவர் எதற்கும் இசைந்திலர். அதன் காரணத்தை அறியக் கம்பெனி ஒப்பந்தத்தின் இயல்பை அறிதல் வேண்டும்.

கம்பெனியார் பாடகர்க்கு ஒரு பெருந்தொகையை முன்பணமாகக் கொடுப்பர். அது சம்பளம் அன்று. பாடகர் தம் பங்கிலிருந்து மீட்டுக் கொடுக்கவேண்டிய தொகை. பதிவுச் செலவும் விளம்பரச் செலவின் ஒரு பகுதியும் பெரும்பாலும் அக்கணக்கிலேயே ஏறும். பாட்டு விற்ற பணத்தில் பாடகர்க்கு உரிய சிறுபங்கு, அக்கடன் தீருமளவும் அவர் கைக்கு வாராது. கடன் முற்றும் தீர்ந்த பின்னும் மூலப்பதிவு கம்பெனிக்கே உரியது. வீடு கட்டக் கடன் வாங்கியவன் கடனைத் தீர்த்தால் வீடு அவனுடையதாகும். ஈண்டோ கடனைத் தீர்த்தவன் கட்டியவனே ஆயினும் வீடு கடன் கொடுத்தவர்க்கே. இன்னும் இத்தனை தொகுப்புக்கள் பாடித் தருதல் வேண்டும் என்ற கட்டும் உண்டு. கம்பெனியார் செய்யும் உதவியும் சிறிதன்று: உலகெங்கும் பரப்புதல், வானொலியில் இடம் பிடித்தல், தோல்வியுற்றால் நட்டத்தைத் தாங்குதல் ஆகியன அவர்தம் தொழில். ஆதலின் ஒப்பந்தம் என்பது வஞ்சனை அன்று. ஆயினும் அது மிக்க விலையுடைய உதவி.

சான்ஸ் கண்ட வழி வேறு. பாட்டை இலவசமாக வழங்குவோம். பாட்டைக் கேட்டவர் நேரிற் காண வருவர். கச்சேரிச் சீட்டாலும், பெயர் பொறித்த சட்டை, தொப்பி முதலியவற்றாலும் பொருள் ஈட்டுவோம் என்பது அவர் துணிபு. மூன்றாம் தொகுப்பைக் குறித்து '3' என்னும் எண் பொறித்த தொப்பி அவர்தம் அடையாளமாகவே ஆயிற்று.

இவ்வழியிலும் இடர்ப்பாடு உண்டு. அவர் விலையின்றி வழங்கிய 'ஆசிட் ராப்'பை வேறு எவரோ இணையக் கடைகளில் விலைக்கு வைத்தனர். அவ்விற்பனையால் 2013-இல் அத்தொகுப்பு விற்பனைத் தரவரிசையிலும் ஏறிற்று! பாடியவர்க்கு அதனால் ஒரு காசும் இல்லை. மற்றும், ராப் பாட்டுக்களில் பழைய இசைத்தட்டின் ஒரு பகுதியை எடுத்தாளுதல் வழக்கம். அதற்குப் பாட்டை இயற்றியவர் உரிமை, பதிவு செய்தவர் உரிமை என இருவகை அனுமதி வேண்டும். இலவசமாக வழங்கினும் சட்டம் விலக்களிப்பதில்லை. உரியவர் பெரும்பாலும் பொருட்படுத்தாது விடுவர், அவ்வளவே. 2019-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் 'ஆசிட் ராப்'பை முறையான இணையச் சேவைகளில் வெளியிட்டபோது, 'ஜூஸ்' என்னும் பாட்டில் எடுத்தாண்ட பழைய இசைக்கு அனுமதி கிட்டவில்லை. அப்பாட்டு இருந்த இடத்தில், அதனைச் சேர்க்க இயலாமையைச் சொல்லி, அவ்விடத்து வருவாய் தம் அறநிறுவனத்திற்குச் சேரும் எனக் கூறும் அரைநிமிடப் பேச்சு ஒன்றையே வைத்தார். தம் உரிமையைக் காத்துக்கொள்ள விழைந்தவர், பிறர் உரிமைக்கு முன் தாமும் தலைவணங்க நேர்ந்தது. உரிமை என்பது இருபுறமும் கூருடைய வாள் என்பதை இந்நிகழ்ச்சி நன்கு காட்டும்.

பாட்டு ஆக்கும் முறை

அவர் பாட்டு ஆக்கும் முறையில் மூன்று இயல்புகள் யாம் கண்டவை.

முதலாவது, பாடுதலுக்கும் பேசுதலுக்கும் இடையே வரம்பு வையாமை. ராப் அடிகளை விரைந்து உரைத்து வருகையிலேயே இசைக்கு ஏறுவார். இசையிலிருந்து கூவலுக்கு இறங்குவார். குரல் கரகரத்தும் பிள்ளைக்குரல் போன்று மேலெழுந்தும் வரும். இனிய குரலையே கருவியாகக் கொள்ளாது, தமக்கு வாய்த்த குரலின் குறையையும் கருவியாகக் கொண்டார்.

இரண்டாவது, தனித்து ஆக்காமை. 'தனிவழிப் பாடகர்' என்று பெயர் பெற்றவர் தனியே செய்த பணி மிகக் குறைவு. ட்ரம்பெட் ஊதும் நீக்கோ சீகல் முதலிய நண்பர் குழுவோடு சேர்ந்து, 2015-ஆம் ஆண்டு 'சர்ஃப்' என்னும் தொகுப்பை விலையின்றி வெளியிட்டார். அதன் முகப்பில் நின்ற பெயர் ட்ரம்பெட் ஊதும் நண்பரின் புனைபெயரும் குழுவின் பெயருமே. தம் பெயரை முன்னிறுத்திலர். அதிலுள்ள 'சண்டே கேண்டி' என்னும் பாட்டு, ஞாயிறுதோறும் ஆலயத்திற்குச் செல்லும் தம் பாட்டியாரைப் போற்றுவது. பல்லவியைப் பாடியவர் அதே நகரத்துக் கவிஞர் ஜமீலா உட்ஸ்.

மூன்றாவது, தாம் பிறந்த சூழலின் இசையைக் கைவிடாமை. கறுப்பின மக்களின் தேவாலயங்களில் வளர்ந்த காஸ்பல் என்னும் துதியிசையையும் ஜாஸ் இசையையும், சிக்காகோவின் நடனக் கூடங்களில் பிறந்த விரைந்த தாளத்தையும் ஒருங்கு சேர்த்தார். 2016-ஆம் ஆண்டு மே 13-ஆம் நாள் வெளிவந்த 'கலரிங் புக்' என்னும் மூன்றாம் தொகுப்பில் இவ்வியல்பு முதிர்ந்து நிற்கின்றது. சிக்காகோ சிறுவர் பாடற்குழுவினரும், காஸ்பல் இசையிற் புகழ்பெற்ற கிர்க் பிராங்ளினும் அதிற் பங்கு கொண்டனர். 'ஹவ் கிரேட்' என்னும் பாட்டில், ஆலயங்களிற் பலரும் அறிந்த துதிப்பாடல் ஒன்றைக் குழுவினர் நெடுநேரம் பாடுகின்றனர். அதன் பின்னரே ராப் தொடங்குகின்றது. பாட்டின் தலைவர் தம் முறை வருமளவும் ஒதுங்கி நிற்கின்றார். ஆலயத்துப் பாடற்குழுவில் நின்று பழகியவர்க்கு இக்காத்திருத்தலின் பொருள் சொல்லாமலே விளங்கும். அதே தொகுப்பில் 'நோ ப்ராப்ளம்' என்னும் பாட்டு, தம் வழியில் குறுக்கிடும் கம்பெனிகளை நகைப்போடு எச்சரிப்பது. துதியும் வீம்பும் ஒரே நூலிற் கோக்கப்பட்டமை சிலர்க்கு முரணாகத் தோன்றலாம்; எமக்கு அஃது ஓர் இளைஞரின் உண்மை உள்ளமாகவே தோன்றுகின்றது.

விலையில்லாப் பாட்டுக்கு விருது

'கலரிங் புக்' கடைகளில் விற்கப்படவில்லை. இணையத்தில் கேட்கும் ஸ்ட்ரீமிங் முறையிலேயே வந்தது. அமெரிக்கத் தரவரிசையில் 1,500 முறை கேட்டலை ஒரு தொகுப்பு விற்றதற்கு ஒப்பாகக் கணக்கிடும் வழக்கம் அப்பொழுது இருந்தது. முதல் வாரத்தில் ஏறத்தாழ 5 கோடியே 73 லட்சம் முறை அதன் பாட்டுக்கள் கேட்கப்பட, அஃது 38,000 பிரதிகளுக்கு ஒப்பாகக் கொள்ளப்பட்டு, தொகுப்பு எட்டாம் இடம் பெற்றது. கேட்டலைக் கொண்டு மட்டுமே அவ்வரிசையில் ஏறிய முதல் தொகுப்பு அதுவே.

கிராமி விருது அக்காலம்வரை விற்பனைக்கு வந்த பாட்டுக்களுக்கே வழங்கப்பெற்றது. இணையவழி மட்டும் வெளிவரும் பாட்டுக்களையும் ஏற்றல் வேண்டும் என ரசிகர் பலர் விண்ணப்பித்தனர். 2016-ஆம் ஆண்டு ஜூனில் அவ்விதி மாற்றப்பட்டது. 2017-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாள், சிறந்த புதுக்கலைஞர், சிறந்த ராப் தொகுப்பு, சிறந்த ராப் பாட்டு நிகழ்த்துதல் என மூன்று விருதுகள் சான்ஸுக்குக் கிடைத்தன. விற்கப்படாத தொகுப்பு ஒன்று கிராமி பெற்றது அதுவே முதன்முறை.

ஈண்டு ஓர் உண்மையை மறைத்தல் ஆகாது. 'கலரிங் புக்' முதல் இரண்டு வாரம் ஆப்பிள் கம்பெனியின் சேவையில் மட்டுமே கிடைத்தது. அதற்கு அக்கம்பெனி 5,00,000 டாலர் கொடுத்தது என 2017-இல் அவரே வெளிப்படையாக அறிவித்தார். 'அங்ஙனமாயின் அவர் எவ்வாறு தன்னுரிமையுடையவர்?' என்று பலர் கேட்டனர். யாமும் முதலில் அவ்வாறே கேட்டு, சிறிது மனம் தளர்ந்தோம். பின்னர் எண்ணிப் பார்க்க, விற்றதற்கும் வாடகைக்கு விட்டதற்கும் உள்ள வேறுபாடு விளங்கிற்று. இரண்டு வாரம் கழிந்ததும் பாட்டு மீண்டும் அவர் கைக்கு வந்தது. பொருள் பெறாமை தன்னுரிமை அன்று. எதனை, எத்தனை நாளைக்கு, எவ்வளவுக்கு என்பதைத் தாமே வகுத்தல் தன்னுரிமை.

அவ்வுரிமையை அவர் பிறர்பொருட்டும் பயன்படுத்தினார். 2016-ஆம் ஆண்டு செப்டம்பரில் சிக்காகோவின் பேஸ்பால் விளையாட்டரங்கில் தாம் நடத்திய இசைவிழாவுக்கு, சீட்டுக்களை வாங்கிப் பதுக்கி மிகுவிலைக்கு விற்போரிடமிருந்து ஏறத்தாழ 2,000 சீட்டுக்களைத் தாமே வாங்கி, ரசிகர்க்கு மீண்டும் விற்றார். 2017-ஆம் ஆண்டு மார்ச்சில், பொருட்குறையால் தவித்த சிக்காகோ பொதுப்பள்ளிகளுக்கு 10,00,000 டாலர் நன்கொடை அறிவித்தார்.

தன்னுரிமையின் சுமை

வெற்றியோடு இவ்வரலாற்றை முடித்தல் எளிது. ஆயின் அது முழுமையாகாது.

2019-ஆம் ஆண்டு ஜூலையில், தம் திருமண மகிழ்ச்சியைப் பாடுபொருளாக்கி, 22 பகுதிகள் கொண்ட 'த பிக் டே' என்னும் தொகுப்பை வெளியிட்டார். அது தரவரிசையில் இரண்டாம் இடம் பெற்றதாயினும், கேட்டவர் பலர் முகம் சுளித்தனர். நீளம் மிக்கது, பழைய கூர்மை குன்றியது என்றனர். எள்ளி நகையாடியவரும் பலர். அதனையொட்டி அறிவித்த இசைப்பயணம் முதலில் தள்ளிவைக்கப்பட்டு, அவ்வாண்டு டிசம்பரில் அடியோடு நிறுத்தப்பட்டது. 2020-இல், பல்லாண்டு உடனிருந்த மேலாளரே தமக்குரிய பங்கு வரவில்லை என அவர்மேல் வழக்குத் தொடுத்தார். 2021-இல் இவரும் எதிர்வழக்கிட்டார்.

கம்பெனியின் கீழ் இருந்தவராயின், 'அவர்கள் விரைவுபடுத்தினர், அவர்கள் கெடுத்தனர்' என்று கைகாட்டியிருக்கலாம். தன்னுரிமையுடையவர்க்குக் கைகாட்ட இடமில்லை. நூல் தம்முடையது; அதன் பிழையும் தம்முடையது. உரிமையின் இம்மறுபக்கத்தை எம் நண்பர்க்கும் உரைத்தல் கடனென எண்ணினோம்.

அவர் ஓய்ந்துவிடவில்லை. 2023-ஆம் ஆண்டு ஜனவரியில் விக் மென்ஸாவோடு சேர்ந்து கானா நாட்டு அக்ரா நகரில் இசைவிழா ஒன்றை நடத்தினார். மார்க்கஸ் கார்வி என்னும் கறுப்பினத் தலைவர் 1919-இல் தம் மக்களுக்கென நிறுவிய கப்பற் கம்பெனியின் பெயரை அவ்விழாவுக்கு இட்டனர். அப்பெயரின் நினைவாகவே 'ஸ்டார் லைன்' என்னும் அடுத்த தொகுப்பு, ஆறாண்டு இடைவெளிக்குப் பின், 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் வெளிவந்தது. அப்பொழுதும் அவர் எக்கம்பெனிக்கும் ஆட்படவில்லை.

முடிவுரை

இவ்வரலாற்றால் யாம் தெளிந்தது யாது?

தன்னுரிமை என்பது தனிமை அன்று என்பதே. எவர் துணையுமின்றித் தாமே மேலேறியவர் என்று சான்ஸைப் புகழ்வார் பலர். அது பாதி உண்மை. ஒரு நகரம் நூல்நிலையம் கட்டிற்று; ஓர் ஆசிரியர் மாலைதோறும் காத்திருந்து கேட்டார்; நண்பர் ட்ரம்பெட் ஊதினர்; பாட்டியார் ஆலயத்திற்கு வழி காட்டினார். இவர்களுள் ஒருவரேனும் அவரிடம் ஒப்பந்தத் தாளை நீட்டவில்லை. விலையின்றிப் பெற்றதனாலேயே விலையின்றிக் கொடுக்கும் துணிவு அவர்க்கு வந்தது என்பது எம் கருத்து. கடன் எல்லார்க்கும் உண்டு. எவர்க்குக் கடன்பட்டோம் என்பதைத் தாமே தேர்ந்துகொண்டவர் உரிமையாளர்.

சகோதரர் மைக் 2014-ஆம் ஆண்டு டிசம்பரில் காலமானார். அடுத்த ஆண்டே சான்ஸ், தம் நகரத்து உயர்நிலைப்பள்ளி மாணவர்க்கெனக் கட்டணமில்லாத் திறந்த மேடையைத் தொடங்கி, அதற்கு 'ஓப்பன் மைக்' என்று பெயரிட்டார். பாட விழைவோர் எவரும் ஏறத்தக்க ஒலிவாங்கியையும் மறைந்த ஆசிரியரையும் அச்சொல் ஒருங்கே குறிக்கும். தாம் பதினாறு வயதிற் பழகிய அதே நூல்நிலையத்தில் அம்மேடை அமைந்தது.

எம் நண்பரிடம் இவற்றையெல்லாம் சொன்னோம். அவர் நெடுநேரம் பேசாதிருந்து, தாளை மீண்டும் விரித்துப் படித்தார். பின்னர், 'என்றைக்கும்' என்ற சொல்லை அடித்து, 'மூன்று ஆண்டு' என அதன்மேல் எழுதி, அதற்கு இசைவாரேல் ஒப்பமிடுவேன் என்று கடிதம் வைத்து அனுப்பினார். விடை இன்னும் வரவில்லை. வரும்வரை வெள்ளிதோறும் மாலையில் விடுதியின் பின்கூடத்தில் அவர் பாடுகின்றார். கேட்க யாமும் செல்கின்றோம். இந்நூலிதழைப் படிக்கும் மாணவரும் ஆசிரியரும் வரலாம்; பாடத் தெரிந்தவர் பாடலாம். கட்டணம் இல்லை, ஒருவர் பாடுகையில் மற்றவர் அமைதியாகக் கேட்டல் வேண்டும் என்பது ஒன்றே விதி.